மாதா கெபிக்குக் குகை பார்க்கப் போனோம்

பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு மாதா கெபி இருக்கிறது. மாதா சுரூபத்தை வைப்பதற்குக் கல்லும் சிமெண்டும் சேர்த்துக் குகை மாதிரிக் கட்டுவதைத்தான் நாங்கள் கெபி என்போம். கட்டியவர் என் சித்தப்பா. கொத்தனார் வேலையில் அவரை மிஞ்ச எங்கள் பக்கத்தில் ஆள் கிடையாது. ஆனாலும் அவர் முதலில் கட்டியதைப் பார்த்த பங்குச் சாமியார் கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு, கோழிக்கூடு நன்றாகத்தான் வந்திருக்கிறது, மாதாவை எங்கே வைப்பது என்று கேட்டார். சித்தப்பாவைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. பாவம், அவர் பிறந்ததிலிருந்து ஒரு குகையைக் கண்ணால் கண்டதில்லை.

குகையைக் கண்டிருந்தவர் என் அப்பா. சின்னப் பையனாக இருந்தபோது அவருடைய மாமாவோடு ஒகேனக்கல்லில் மீன் பிடிக்கப் போய், அருவிக்குக் கீழே ஆற்றோரப் பாறையில் ஒரு குகையைப் பார்த்திருக்கிறார். கரையில் நிற்கிறவர்களுக்கு அது தெரியாதாம். கோடையில் தண்ணீர் வற்றியிருக்கும்போது பாறையைப் பிடித்துக்கொண்டே ஒரு வளைவைத் தாண்டினால்தான் வாயைத் திறந்துகொண்டு நிற்குமாம். ஆக, வழி அண்ணனுக்குத் தெரியும், வேலை தம்பிக்குத் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்து போனால் காரியம் முடிந்தது.

ஆனால் அந்த இரண்டு பேரும் இரண்டு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. பொதுக் கிணற்றில் யார் எப்போது மோட்டார் போடுவது என்பதில் ஆரம்பித்த தகராறு அது. வாய் தடித்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போனவர்கள் போனவர்கள்தான். வீட்டுக்கு நடுவில் சுவர் வந்தது. வாசல் மட்டும் ஒன்றாகவே இருந்தது. அந்த வாசலில்தான் எனக்கு உத்தியோகம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சித்தப்பாவுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அப்பா என்னைக் கூப்பிடுவார். மத்தியானம் கரண்ட் வராதாம், காலையிலேயே தண்ணி பாய்ச்சிக்கச் சொல்லு என்பார். நாலடி தள்ளிப் பல் விளக்கிக்கொண்டிருக்கும் சித்தப்பா அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ள மாட்டார். நான் போய் அவர் முன்னால் நின்று திரும்பவும் சொன்ன பிறகுதான் தலையை ஆட்டுவார். நான் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரத்தில் அவசரம் வந்தால், யாரோ மோட்டாரை நிறுத்தாமல் போய்விட்டார்கள் என்று மாட்டைப் பார்த்துச் சொல்வார்கள். மாட்டுக்கு என் அளவுக்குத் திறமை கிடையாது என்று எனக்கு ஒரு கர்வமே இருந்தது. ஒன்று சொல்ல வேண்டும். அவ்வளவு கோபத்திலும் என் வாய் வழியாக இரண்டு பேரும் ஒரு கெட்ட வார்த்தையை அனுப்பியதில்லை. எத்தனை கசப்பை விழுங்கியிருப்பார்கள் என்று இப்போது நினைத்தால் இரண்டு பேரையும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

ஒகேனக்கல் போகும் பேச்சும் என் வாய் வழியாகவே முடிவானது. பள்ளிக்கூடம் லீவு விட்டதும் ஒரு நாள் விடிகாலையில் மூன்று பேரும் பஸ் ஏறினோம். பாப்பா வந்தால்தான் முடியும் என்று என்னைக் காட்டி அப்பா சொன்னபோது அம்மா ஏன் என்று கேட்கவில்லை. கிணற்றடிக்குக்கூட என்னைத் தனியாக விடாதவள், அன்று காவிரிக்கே தலைசீவி அனுப்பினாள்.

பரிசலில் போயிருக்கலாம். பரிசல்காரர் ஒருவர் கூப்பிடவும் செய்தார். ஆனால் பரிசல் வட்டமானது. உள்ளே உட்கார்ந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். நடந்தே போகலாமா என்று சித்தப்பாவிடம் கேட்கச் சொன்னார் அப்பா. நடந்தே போகலாம் என்று அப்பாவிடம் சொல்லச் சொன்னார் சித்தப்பா. அந்த ஒரு விஷயத்தில் அண்ணனுக்கும் தம்பிக்கும் துளி அபிப்பிராய பேதம் இல்லை.

அருவிச் சத்தம் பின்னால் தேய்ந்த பிறகு ஆறு குறுகிப் பாறைச் சுவர்களுக்கு நடுவில் ஓடியது. அப்பா முன்னால், நான் நடுவில், சித்தப்பா பின்னால். பாறை சுடச்சுட இருந்தது. ஆனாலும் செருப்பு வழுக்கியதால் அதைக் கழற்றி அப்பாவின் துண்டில் முடிந்துகொண்டோம். சில இடங்களில் கால் வைக்க ஒரு சாண் அகலம்தான் இருக்கும். ஓரிடத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். இந்தக் கல் வழுக்கும் என்று அப்பா முன்னாலிருந்து சொல்வார். இந்தக் கல் வழுக்குமாம் என்று நான் பின்னால் திரும்பிச் சொல்வேன். வளைவைத் தாண்டியதும் குகை இருந்தது.

எங்கள் கோயில் மாதா மாதிரி நாலு மாதாவை உள்ளே வைக்கலாம். தண்ணீரில் பட்ட வெயில் கூரையெல்லாம் ஆடியது. சித்தப்பா பாறைச் சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பிறகு மடியிலிருந்து அளவு நூலை எடுத்தார். ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை யாரும் சொல்லாமலே அப்பா பிடித்துக்கொண்டார். இன்னும் மேலே பிடிக்கச் சொல்லு என்றார் சித்தப்பா. நான் சொன்னேன். குகை அதைத் திரும்பவும் சொன்னது. ஒரே செய்தியை மூன்று தடவை கேட்டும் இரண்டு பேரும் சிரிக்காமல் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டார்கள். எனக்குத்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை.

திரும்பும்போதுதான் அது நடந்தது. குறுகலான இடத்தைத் தாண்டி அப்பா ஓர் அகலமான பாறையில் ஏறிவிட்டார். எனக்குக் கை கொடுக்கத் திரும்பினார். நான் கீழே பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்துவிட்டேன். தண்ணீர் கறுப்பாகச் சுழித்துக்கொண்டு போனது. கால் நகரவில்லை, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எனக்குப் பின்னால் சித்தப்பா, பாறை இடுக்கில் காய்ந்து நின்ற ஒரு செடியைப் பிடித்துக்கொண்டார். அதன் வேர் வெளியே வந்திருந்தது அப்பா நின்ற பக்கத்திலிருந்துதான் தெரிந்தது.

“பாப்பா, அந்தச் செடியப் புடிக்க வேணாம்னு சித்தப்பாகிட்டச் சொல்லு.”

நான் சொல்லவில்லை. வாய் வரவில்லை. இரண்டு வருடப் பழக்கம் பாருங்கள், எங்களுக்கு நடுவில் நாலு முழம்கூட இல்லை, சித்தப்பாவின் காதில் அது விழாமல் இருந்திருக்காது. ஆனாலும் அவர் என் முகத்தைப் பார்த்து, நான் சொல்வதற்காகக் காத்திருந்தார். செடி வேரோடு வந்துவிட்டது.

அவர் விழுந்ததை நான் பார்க்கவில்லை. அப்பா என் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கம் போட்டதுதான் தெரியும். சித்தப்பாவுக்குத் தெரிந்தது கிணற்று நீச்சல். காவிரி அவரைப் பத்தடி இழுத்துக்கொண்டு போய் ஒரு பாறைமூக்கில் மோதவிட்டது. அதை அவர் கட்டிக்கொண்டார். அப்பா வேட்டியை அவிழ்த்து, குப்புறப் படுத்து, ஒரு முனையை வீசினார்.

“டேய் சின்னவனே, வேட்டியப் புடிடா. கைய வுட்றாத.”

“வுடலண்ணா.”

அவ்வளவுதான் பேச்சு. மேலே இழுத்துப் போட்டதும், பட்டாபட்டி டவுசரோடு நின்றுகொண்டு அப்பா திட்ட ஆரம்பித்தார். செடியில் ஆரம்பித்து, மோட்டாருக்குப் போய், சித்தப்பா சின்ன வயதில் தொலைத்த ஒரு ஆட்டுக்குட்டி வரைக்கும் போனார். இரண்டு வருடப் பாக்கியையும் ஒரே மூச்சில் தீர்த்தார். சித்தப்பா முழங்கையில் ரத்தம் வழிய, பல் கிடுகிடுக்க, உம் உம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா மூச்சு வாங்க நிறுத்தியபோது மெதுவாகச் சொன்னார்.

“அத எங்கிட்டயே சொல்லியிருக்கலாமில்லண்ணா.”

அப்பா வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். ரொம்ப நேரம் பிழிந்தார்.

அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவே இல்லை. வழியெல்லாம் அவர்களாகவே பேசிக்கொண்டு போனார்கள். கடையில் எனக்குப் பொரித்த மீன் வாங்கிக் கொடுத்துவிட்டு, என்னைத் தாண்டி அவர்கள் கெபியின் வளைவைப் பற்றி விவாதித்தார்கள். பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்துகொண்டு என்னை ஜன்னலோரம் தள்ளிவிட்டார்கள். இன்று இருவருக்கும் வயது எழுபதுக்கு மேல். காது மந்தமாகி, போனில் ஊருக்கே கேட்கும்படி கத்திப் பேசிக்கொள்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அந்த ஆற்றுக்கு நான் மனதுக்குள் நன்றி சொல்கிறேன். ஆனால் அன்று பஸ்ஸில் என் மனது அப்படி இல்லை. சொல்லச் சொன்னதைச் சொல்லாமல் சித்தப்பாவை ஆற்றில் தள்ளிவிட்டவள் நான், அதனால்தான் என்னோடு பேச மாட்டேன் என்கிறார்கள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டுக்கு வந்தோம். அண்ணனும் தம்பியும் வாசலில் நின்று, கெபிக்கு எத்தனை அடி உயரம் என்று உரக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா அடுப்படியில் கையில் கரண்டியோடு அசையாமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் அவள் மடியில் முகத்தைப் புதைத்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பயத்தில் வாய் வரவில்லை, இனிமேல் எவ்வளவு பயமாக இருந்தாலும் ஒரு வார்த்தை விடாமல் சொல்லிவிடுவேன் என்று மாதா மேல் சத்தியம் செய்தேன்.

அம்மா என் வாயைப் பொத்தினாள்.

“வேணாங்கண்ணு. இனிமே நீ யாருக்கும் ஒன்னும் சொல்ல வேணாம்.”

எனக்கு வேலை போய்விட்டது என்று புரிந்தது. இரண்டு வருடம் ஒழுங்காகப் பார்த்த வேலை, ஒரே ஒரு தடவை தப்பியதற்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று தேம்பித் தேம்பி அழுதேன். அம்மாவும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். தப்பு செய்தது நான், இவள் எதற்கு அழுகிறாள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.