டிராமில் சீட் பிடித்த பிள்ளை

நான் இருக்கும் இந்த ஜெர்மன் ஊரில் டிராமுக்குக் கண்டக்டர் கிடையாது. விசில் கிடையாது. எல்லோரும் ஏறியாச்சா என்று கேட்க நாதியில்லை. கதவு தானாகத் திறக்கும், சற்று நேரத்தில் தானாக மூடிக்கொள்ளும். வந்து மூன்று வருடமாகியும் அந்தக் கதவைக் கண்டால் எனக்குப் பயம். காரணத்தைச் சொன்னால், ஊரிலிருந்து படிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். என்னைப்போல இங்கே வந்து கிடப்பவர்கள் சிரிக்கமாட்டீர்கள்.

பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர், வாழ்க்கைப்பட்டது ராஜபாளையம். பஸ்ஸில் அரைமணி நேரம்தான், ஆனால் அதற்கு உட்கார இடம் பிடிப்பது பெரும்பாடு. துண்டைப் போடுவார்கள், பையைப் போடுவார்கள், ஒன்றும் இல்லாவிட்டால் பிள்ளையையே ஜன்னல் வழியாக உள்ளே கொடுப்பார்கள். போன வருடம் ஊருக்குப் போயிருந்தபோது, என் கணவரின் அக்காவும் அதைத்தான் செய்தார். "பர்வீன இங்கிட்டுக் குடு. ஏட்டி, பக்கத்து சீட்டுல கைய வச்சுக்கோ. யாரு சொன்னாலும் எந்திரிக்காத, பொறவு நாங்க வாரோம்" என்று என் மகளை உள்ளே நீட்டினார். முன்பின் தெரியாத யாரோ வாங்கி உட்காரவைத்தார். நான் நிதானமாகப் பின்வாசலில் ஏறினேன். நாலு வயதுப் பிள்ளைக்கு அது நல்ல விளையாட்டாக இருந்தது.

ஊரிலிருந்து திரும்பிய மாதம், ஒரு சனிக்கிழமை மதியம், நானும் அவளும் கடைக்குப் போய்விட்டு டிராமுக்கு நின்றோம். அவளுடைய தள்ளுவண்டியில் அரிசியும் காய்கறியும். வந்த டிராமில் நல்ல கூட்டம். யோசிக்கவேயில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. "ஏறிச் சீட்டப் புடிட்டி, அம்மா வாரேன்." அவள் துள்ளி ஏறினாள். நான் தள்ளுவண்டியைத் தூக்கி ஏற்றக் குனிந்தேன். நிமிர்ந்தால் கதவு மூடியிருக்கிறது. பொத்தானை அழுத்தினேன், திறக்கவில்லை. டிராம் நகர்ந்தது. அதன் பக்கத்தைப் படபடவென்று தட்டிக்கொண்டே ஓடினேன். நம்மூரில் தட்டினால் பஸ் நின்றுவிடும். இது நிற்கவில்லை.

மொழி வகுப்பில் ஆசிரியை இந்த டிராமின் கதையைப் பெருமையாகச் சொல்லியிருந்தார். முதலில் தெருக்களுக்குள் மட்டும் ஓடியதாம். கார்கள் பெருகியதும் பாதித் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்களாம். பிறகு மனம் மாறி, மிச்சமிருந்ததை ரயில்பாதையோடு இணைத்து, மலையடிவாரக் கிராமங்கள்வரை ஒரே வண்டியை விட்டார்களாம். மாறி ஏறவேண்டியதில்லை என்றதும் நானும் சேர்ந்து கைதட்டினேன். அன்று அதே இணைப்பைச் சபித்தேன். நாங்கள் நின்ற நிறுத்தத்தோடு தெரு முடிகிறது. அதற்குமேல் அது டிராம் இல்லை, ரயில். காட்டுக்குள் போய்விடும். என் பிள்ளைக்கு வீட்டு முகவரி சொல்லத் தெரியாது.

அங்கே நின்ற ஒரு பெரியவர் அட்டவணையைக் காட்டி, அடுத்த வண்டி இருபது நிமிடத்தில் வரும் என்றார். வண்டியைத் தவறவிட்டதற்கா இவ்வளவு அழுகை என்று நினைத்திருப்பார். "கிண்ட், கிண்ட்" என்றேன், குழந்தை என்பதற்கு இங்கே அதுதான் சொல். அவர் தள்ளுவண்டியைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போய் உடனே போனை எடுத்தார். நான் என் கணவரை அழைத்தேன்.

"அழாதட்டி. யாராச்சும் எறக்கி வச்சிருப்பாவ."

"எறக்குனா எறங்குவாளா மச்சான்? எந்திரிக்காதன்னுல்ல பழக்கி வச்சிருக்கோம்."

போனை வைத்துவிட்டுப் பெரியவரிடம் திரும்பினேன்.

ஓட்டுநருக்குத் தகவல் போய்விட்டது, அடுத்த ஊரில் நிறுத்தி வைப்பார்கள் என்று பெரியவர் சைகையும் சொல்லுமாகப் புரியவைத்தார். அடுத்த டிராமில் அவரும் என்னோடு வந்தார். வழியெல்லாம் மரங்கள். யார் கையைப் பிடித்துக்கொண்டு எங்கே இறங்கியிருப்பாளோ என்று ஒவ்வொரு வளைவிலும் செத்தேன்.

அந்த நிலையத்தில் அவள் போன டிராம் கதவைத் திறந்துவைத்து நின்றிருந்தது. இறக்கப் பார்த்திருக்கிறார்கள், கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறியிருக்கிறாள். அதனால் ஒரு டிராம் கூட்டமே காத்திருந்தது. ஓட்டுநரம்மா அவள் முன்னால் மண்டியிட்டிருந்தார். பர்வீன் ஒரு கையைப் பக்கத்து சீட்டில் அழுத்தி வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"எம்புட்டு நேரம்மா" என்று கையை எடுத்து எனக்கு இடம் விட்டாள். பிறகு ஜன்னல் வழியே அந்த அந்நிய ஊரை எட்டிப் பார்த்தாள். "ராஜபாளையம் வந்துட்டா?"

நான் என்ன சொல்லப்போகிறேன் என்று மொழி தெரியாத அத்தனை பேரும் என் வாயையே பார்த்தார்கள்.

"வந்துட்டு," என்றேன். "எறங்கு."