சேத்தக்காவின் பன்னிரண்டு குழாய்கள்

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளைச் சேத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினேழு வருடமாக அவள் வேலை சேறு அறுப்பது. ஏரிப்படுகையில் இறக்கி எடுத்த குழாய்களை நீளவாக்கில் பிளந்து, உள்ளேயிருக்கும் சேற்றை சென்டிமீட்டர் கணக்கில் வெட்டிப் பொட்டலம் போடுவாள். கறுப்பு வரி என்றால் ஏரி நிறைந்திருந்த காலம். வெடிப்போடு உப்புப் பூத்த வெளுப்பு வரி என்றால் வற்றிக் கிடந்த காலம். நாலாயிரம் வருட மழையும் வறட்சியும் அவளுக்கு அத்துப்படி. "புருஷன் மூஞ்சியவிட சேத்து மூஞ்சியத்தான் அதிகம் பாத்திருக்கேன்" என்பாள்.

அந்த வருடம் வந்த பன்னிரண்டு குழாய்கள் வம்பையும் கூட்டிவந்தன. ஏரியின் ஓரத்தில் ஒரு மனை வியாபாரி லாரி லாரியாக மண் கொட்டிவிட்டு, அங்கே தண்ணீர் நின்றதே இல்லை என்று நீதிமன்றத்தில் சாதித்துக்கொண்டிருந்தார். கொட்டிய மண்ணுக்கு நேர் கீழே நத்தை ஓடுகளோடு ஏரிச் சேறு இருந்ததை அந்தக் குழாய்கள் அடுக்குக் கலையாமல் காட்டின. திங்கட்கிழமை விசாரணை.

வெள்ளிக்கிழமை மதியம், மற்றவர்கள் சாப்பிடப் போய், சேத்தக்கா மட்டும் உள்ளே இருந்த நேரம், முகத்தில் துணி கட்டிய நாலு பேர் வந்தார்கள். காவலாளியின் மண்டையில் ஒரே அடி. அவர் சுருண்டு விழுந்தார். குளிர் அறைக்குள் புகுந்தவர்கள் குழாய்களைத் தரையில் போட்டுக் கோடாலியால் பிளந்தார்கள். சேற்றை மிதித்துக் கலக்கினார்கள்.

குறுக்கே பாய்ந்தவளை ஒருவன் வயிற்றில் உதைத்தான். அலமாரி விளிம்பில் மோதி அவள் உதடு கிழிந்தது. நெட்டையன் ஒருவன் குனிந்து, "அக்கா, வெளிய போயிரு. உன்னை யாரும் தொடமாட்டாங்க" என்றான்.

அவள் தம்பியின் குரல். மூன்று மாதமாக அந்த வியாபாரியிடம்தான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான்.

"தொட்டாச்சேடா!" என்றாள் ரத்தத்தைத் துப்பி.

"சேறுதானேக்கா, போனாப் போகுது."

துளையிடும் இரும்புத் தண்டு கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. எடுத்து அவன் முழங்காலில் அடித்தாள். எலும்பு முறிந்தது, அலறிக்கொண்டு விழுந்தான். மறுபடி ஓங்கினாள். அதற்குள் இன்னொருவன் அவளைக் கதவோரம் தள்ளி, அவள் கை நிலைச்சட்டத்தைப் பிடித்திருக்கும்போதே கனத்த கதவை அறைந்து சாத்தினான். வலது கையில் இரண்டு விரல்கள் கூழாகிப்போயின.

தம்பியைத் தூக்க யாரும் நிற்கவில்லை. மூவரும் ஓடிவிட்டார்கள். போலீஸ் வந்தபோது அக்காவும் தம்பியும் சேற்றில்தான் கிடந்தார்கள்.

"இவன் யாருன்னு தெரியுமாம்மா?"

"என் கூடப் பிறந்தவன்" என்றாள். பேரையும் சொன்னாள், முதலாளி யார் என்பதையும் சொன்னாள்.

மருத்துவமனைக்கு வந்த அம்மா நேராக மகன் கட்டிலுக்குப் போனாள். பிறகு இவளிடம் வந்து, "களிமண்ணுக்காகத் தம்பி காலை உடைச்சியேடி" என்றாள்.

"என் விரல் ரெண்டு போச்சும்மா. அதைக் கேக்கத் தோணலையா?"

அம்மா மறுபடி மகன் கட்டிலுக்கே போய்விட்டாள். இன்றுவரை பேச்சில்லை.

தரையிலிருந்து வழித்தெடுத்த சேற்றைப் பார்த்து, ஆய்வுக்கூடத் தலைவர் கண் கலங்கினார். "கலந்துபோனதுல ஒண்ணும் படிக்க முடியாதும்மா."

"அழாம மறுபடி துளை போடுங்க சார். ஏரி என்ன எந்திரிச்சு ஓடியா போயிருச்சு?"

விசாரணையைத் தள்ளிவைக்கச் சொல்லி, போலீஸ் காவலோடு புதிதாகத் துளையிட்டார்கள். கட்டுப் போட்ட கையோடு கூடவே நின்று, குழாய்களில் இடது கையால் கோணல்மாணலாக எண் எழுதினாள் அவள். புதுக் குழாய்களும் அதே ஏரிச் சேற்றைக் காட்ட, கொட்டிய மண் முழுவதையும் அள்ள நீதிமன்ற உத்தரவு வந்தது. ஆளை ஏவியதற்காக வியாபாரியும் உள்ளே போனார்.

எட்டு மாதம் கழித்து விடுதலையான தம்பி, ஊன்றுகோலோடு அவள் வீட்டு மாடிப்படி ஏறி வந்தான். "கொஞ்ச நாள் இங்க இருந்துக்கவாக்கா?"

"வேணாம். எனக்கு இன்னும் அடிக்கத்தான் கை வருது. அம்மாகிட்ட போ."

தலையாட்டிவிட்டுத் திரும்பினான். படியில் தடுமாறினான். அவள் பிடிக்கப் போகவில்லை. அவன் கடைசிப் படி இறங்கும்வரை கதவைச் சாத்தவும் இல்லை.