இருபத்தொன்றுக்கும் ஒரு பிரசன்ட்

நிலவியல் இரண்டாம் ஆண்டில் அவளை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டில் ஆறு பிள்ளைகள். வாயைத் திறக்காத பிள்ளைக்குத் தட்டில் எதுவும் மிஞ்சாது. அப்படி வளர்ந்தவள் விடுதிக்கு வந்ததும் சும்மா இருப்பாளா? குளியலறை வரிசையில் பஞ்சாயத்து பண்ணுவது, காய்ச்சலில் படுத்தவளுக்காகச் சமையல்காரரிடம் வாதாடுவது, தேர்வைத் தள்ளிப்போடச் சொல்லித் துறைத் தலைவரிடம் தூது போவது எல்லாம் அவள்தான். இன்னொரு சேவையும் செய்துவந்தாள். அறையில் தூங்குகிறவர்களுக்காக வகுப்பில் ‘பிரசன்ட் சார்’ சொல்வாள். ஆளுக்கொரு குரல் வைத்திருந்தாள். வெளியே இதற்கு மோசடி என்று பெயர். மாணவர்கள் நட்பு என்பார்கள்.

அவளுடைய அறைத்தோழியின் கதை வேறு. அவள் ஒரு வகுப்புக்கும் மட்டம் போட்டதில்லை. ஆனால் பேச்சு திக்கும். இருபத்தொன்று என்று தன் எண்ணைக் கூப்பிட்டதும் ‘பி’யிலேயே மாட்டிக்கொள்வாள், பின்வரிசை சிரிக்கும். முதல் மாதமே பொறுக்க மாட்டாமல் ரேடியோ முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டாள். தோழி நன்றி சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அப்படியே பழகிவிட்டது. ஒன்றரை வருடமாக அவள் குரல் என்று பேராசிரியர் நினைத்ததெல்லாம் ரேடியோவின் குரல்தான்.

அந்த வருடக் களப்பயணம் ஒரு கல் குவாரிக்கு. காலை முழுக்கப் பாறை அடுக்குகள் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கின்றன என்று வெயிலில் காய்ந்துகொண்டே அளந்தார்கள். மதியம் வெடி வைப்பார்கள், அதற்குள் கடைசி ஆள்வரை வெளியேறிவிட வேண்டும் என்று குவாரி மேற்பார்வையாளர் திரும்பத் திரும்பச் சொன்னார். பேராசிரியர் பேருந்தின் முன்படியில் நின்று எண்களைக் கூப்பிட்டார். ரேடியோ ஜன்னல் இருக்கைக்காக ஒருத்தியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இருபத்தொன்று என்றதும் வாய் தானாகப் பிரசன்ட் சொன்னது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லோரும் ஏறியாயிற்று என்று பேராசிரியர் மேற்பார்வையாளருக்குக் கைகாட்டினார். வண்டி கிளம்பியது.

சண்டையில் ஜெயித்து, தோழிக்கும் இடம் பிடித்துவிட்டேன் என்று பெருமையோடு பின்னால் திரும்பியபோதுதான் பார்த்தாள். தோழியின் இருக்கையில் பை மட்டும் இருந்தது. போனும் பைக்குள்ளேயே இருந்தது. முன்னால் போயிருப்பாள் என்று எட்டிப் பார்த்தாள். அங்கேயும் இல்லை. சொல்லிவிட்டால் ஒன்றரை வருடக் குட்டு உடையும், இரண்டு பேரையும் தேர்வு எழுத விடமாட்டார்கள். அந்த நேரத்திலும் புத்தி இப்படிக் கணக்குப் போட்டது என்பதுதான் கொடுமை. ஒரு வளைவு தாண்டும்வரை போட்டது.

“சார், வண்டிய நிறுத்துங்க. இருபத்தொண்ணு ஏறல.”

“இப்பத்தானேம்மா பிரசன்ட் சொன்னா?”

“அது நான் சார்.”

பேராசிரியர் திட்டவில்லை. அதுவே அவளை இன்னும் பயமுறுத்தியது. அவர் மேற்பார்வையாளருக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. குறுகலான பாதையில் ஓட்டுநர் முன்னும் பின்னுமாக எடுத்து வண்டியைத் திருப்புவதற்குள் ரேடியோவுக்கு உயிர் போய் வந்தது. தோழியின் அம்மா ஒவ்வொரு தடவை விடுதிக்கு வரும்போதும், இவளுக்கு வாய் பத்தாது, நீதான் பாத்துக்கணும் என்பார். அந்த அம்மாவின் முகத்தில் எப்படி முழிப்பது? தூரத்தில் சைரன் அலறியது. கொஞ்ச நேரத்தில் தரை அதிர்ந்து ஜன்னல் கண்ணாடிகள் கடகடத்தன.

குவாரி வாசலில் காவலாளியின் தகரக் கொட்டகை இருந்தது. உள்ளே ஒரு ஸ்டூலில், தலையெல்லாம் புழுதியாக, தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். வெடிக்கு முன் ஒரு சுற்று போன காவலாளி, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அவளைப் பார்த்து இழுத்து வந்திருக்கிறார். எல்லாரும் ஏறியாச்சுன்னு நீங்கதானே சார் கை காட்டினீங்க என்று அவர் பேராசிரியரைக் கேட்டார்.

ரேடியோ ஓடிப்போய்த் தோழியைக் கட்டிக்கொண்டு அழுதாள். வேணும்னு பண்ணல, பழக்கத்துல வந்துடுச்சு என்று கொட்டித் தீர்த்தாள். தோழி ஏதோ சொல்ல வந்தாள், சொல் மாட்டிக்கொண்டது. ரொம்பப் பயந்துட்டியா என்று ரேடியோ வழக்கம்போல அதையும் முடித்துவைக்கப் பார்த்தாள். தோழி இல்லை என்று தலையாட்டினாள். அவளாகச் சொல்லி முடிக்கும்வரை எல்லோரும் நின்றார்கள்.

“தொ... தொட்டிகிட்ட கை கழுவிட்டு இருந்தேன். சார் என் நம்பரக் கூப்பிட்டது கேட்டுது. கத்தப் பாத்தேன், வரல. ஆனா நீ பி... பிரசன்ட் சொன்னது நல்லாக் கேட்டுது.”