வில்லுக்குப் போட்ட ரப்பர்

அம்மாவின் தம்பியான என் மாமா துபாயிலிருந்து வந்தபோது எங்களுக்குச் சாக்லேட்டும் தனக்கு ஒரு வில்லும் கொண்டுவந்தார். கோயில் சிலையில் பார்க்கிற வில் அல்ல. இரண்டு முனையிலும் சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில். எங்கள் வீட்டை ஒட்டிய தென்னந்தோப்பு குற்றாலத்துக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் இருந்தது. மிளா மான்களின் குளம்படி தோப்போரம் அடிக்கடி தெரியும். அங்கே மோட்டார் ரூமை ஒட்டி வைக்கோல் கட்டுகளை அடுக்கி, அதில் அம்பு விட்டுப் பழகினார் மாமா. அம்பைப் பிடுங்கிக் கொடுப்பது நான்காம் வகுப்புப் படித்த என் வேலை.

அதற்கு ஒரு சட்டம் உண்டு. மோட்டார் ரூமுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். நாண் "டங்" என்று அதிர்ந்த பிறகே வெளியே வரலாம். "சத்தம் கேக்காம தலைய நீட்டுன, அம்புட்டுதான் பாத்துக்க" என்பார். எனக்கு அந்த இடமே பயம். அந்தச் சத்தத்தை நம்பித்தான் நின்றேன்.

ஒரு நாள் சிலந்தி மாதிரி கால் விரித்த இரண்டு ரப்பர் துண்டுகளோடு வந்தார். நாணில் மாட்டினால் சத்தம் அடங்கிவிடுமாம். எதற்கு என்று கேட்டேன்.

"ஒன் தம்பி தூங்குதாம்லா. சத்தத்துல முழிச்சிக்கிடுதான்."

தொட்டிலில் கிடந்த என் தம்பி, வீட்டு வாசலில் லாரி ஹாரன் அடித்தாலே அசையாதவன். மாமாவின் தடித்த விரலுக்கு நாண் இழைகள் பிரியவில்லை. நான்தான் என் ஹேர்பின்னின் மழுங்கிய முனையை நுழைத்துப் பிரித்துப் பிடித்தேன். மேல் சக்கரத்துக்குக் கீழே ஒன்று, கீழ்ச் சக்கரத்துக்கு மேலே ஒன்று என்று அவர் ரப்பரைச் செருகினார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

உடனே சோதித்துப் பார்க்கக் கிளம்பினார். சாரல் அடித்துக்கொண்டிருந்தது, தென்னைகளில் காற்று இரைந்தது. சுவரோடு ஒட்டி நின்றேன். "டங்" வரவில்லை. அம்பை விட்டுவிட்டாரா, இன்னும் இழுத்துப் பிடித்திருக்கிறாரா, தெரியவில்லை. கூப்பிட்டேன்; குரல் காற்றோடு போனது. அப்போது வைக்கோல் பக்கம் "சொத்" என்று ஏதோ விழுந்தது. அம்புதான் என்று வெளியே வந்தேன்.

ஈர வைக்கோலடியில் ஒரு தென்னங்குரும்பை கிடந்தது. அதைப் பார்த்த அதே நொடியில் என் காதோரம் விர்ரென்றது. அம்பு என் சடையை உரசிக்கொண்டு வைக்கோலில் இறங்கி ஆடியது. பயத்தில் பாவாடையிலேயே ஒன்றுக்குப் போய்விட்டேன். ஓடிவந்த மாமா சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அம்மாட்ட சொல்லிராதட்டி" என்றார்.

சொல்லவில்லை. சத்தம் கேட்காமல் தலையை நீட்டியவள் நான்தானே என்று நினைத்துக்கொண்டேன். வெகுநாள் வரை தென்னை மட்டை விழுந்தால்கூடத் தலையைக் குனிந்துகொள்வேன்.

அதன் பிறகு மாமா என்னைத் தோப்புக்குக் கூப்பிடவில்லை. வில்லைச் சாக்கில் சுற்றிக்கொண்டு தனியாக மலைக்குப் போகத் தொடங்கினார். என்னைக் கொல்லப் பார்த்த அந்த ரப்பரைக் கழற்றி எறிவார் என்று காத்திருந்தேன். கழற்றவில்லை. தம்பியின் தூக்கத்தில் மாமாவுக்கு எவ்வளவு அக்கறை என்று நினைத்து, எனக்கு அவர்மேல் இருந்த கோபம்கூடக் குறைந்தது. மலைமேல் மிளாக்கள்தான் உண்டு, தூங்குகிற தம்பி யாரும் இல்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.