கடைக்காரன் விற்ற .300 மாக்னமும் நமீபியாவில் உடைந்த குண்டும்

போன ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போயிருந்தேன். குங்குமத் தட்டோடு வந்த ஐயர் என் நெற்றியைப் பார்த்துவிட்டு, "நீங்கள் முதலே வைச்சிட்டியளே" என்று அடுத்த ஆளிடம் போய்விட்டார். நான் ஒன்றும் வைக்கவில்லை. அது காயம். முதல் நாள் சுட்டுப் பழகும் திடலில் என் புதுத் துவக்கு உதைத்த உதையில் அதன் மேலே பூட்டிய குறிபார்க்கும் ஸ்கோப் வந்து நெற்றியில் இடித்து, இரண்டு புருவத்துக்கும் நடுவே பிறை மாதிரி வெட்டியிருந்தது. மனைவி தூணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றா.

அந்தத் துவக்கைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். ஜூன் மாதம் மகளோடு நமீபியாவுக்கு வேட்டைக்குப் போய்வந்தேன். எங்கள் ஆட்களில் அந்தப் பக்கம் போகிறவர்கள் குறைவுதான். ஆனாலும் ரொறன்ரோவிலிருந்து இரண்டு பேர் துவக்குக் குழலின் அளவை விசாரித்து, "எந்தக் கலிபர் கொண்டு போறது?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களாவது தப்பட்டும். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, எழுத்தில் சூடு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் தாரணிக்கு இருபத்தைந்து வயது. மொன்றியலில் பிறந்தவள். வேலையிடத்துச் சிநேகிதிகளோடு ஐந்து வருடமாக மூஸ் என்கிற பெரிய காட்டு மான் வேட்டைக்குப் போகிறாள். நான் அங்கே லாசால் பகுதியில் ஒரு கிடங்கில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். மகளோடு நாலு வார்த்தை கதைக்க வேண்டுமென்றால் காட்டுக்குத்தான் போகவேண்டும் என்று விளங்கியபிறகு, நானும் இரண்டு நாள் வகுப்பில் குந்தியிருந்து லைசென்ஸ் எடுத்தேன். எனக்குப் பதினேழு வயதாக இருந்தபோது அம்மா என்னை யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே அனுப்பியதே, யாரும் என் கையில் துவக்கைத் தந்துவிடக் கூடாது என்றுதான். ஐம்பத்திரண்டு வயதில் நானே கடைக்குப் போய்க் காசு கொடுத்து ஒன்று வாங்கினேன். அம்மா இப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் போனிலேயே அடித்திருப்பா.

கடைக்கு இருவருமாகப் போனோம். வேட்டைக்காரி அவள். கடைக்காரன் பிரெஞ்சில் கதைத்தது முழுக்க என்னோடு. "ஆபிரிக்காவா, மிசியே? அப்படியென்றால் பெரிசு வேணும்" என்று, .308ஐவிட மருந்தும் உதையும் கூடிய .300 மாக்னத்தை எடுத்து மேசையில் வைத்தான். என்ன மிருகம், எவ்வளவு தூரத்தில், இதற்குமுன் எதைச் சுட்டிருக்கிறாய், ஒரு கேள்வியும் இல்லை. தாரணியைத் திரும்பிப் பார்த்து, பெண்களுக்கென்று சின்னதாக ஒன்று இருக்கிறது, உதைக்காது என்றான். அவள், "என்னிடம் .308 இருக்கிறது, அது போதும், மெர்சி" என்றாள். அவன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். நானும் பல்லைக் காட்டினேன்! அதற்காகவே இன்னொரு தரம் ஸ்கோப்பால் அடிக்கலாம் எனக்கு.

தோட்டாவையும் அவனே தெரிவுசெய்தான். மலிவு விலையில் மான் வேட்டைக் குண்டு, பெட்டி 48 டொலர். "எல்லாம் ஈயம்தானே, மிசியே." தாரணி வாங்கிய முழுச் செம்புக் குண்டு 92 டொலர். எனக்கு மிச்சம் பிடித்த சந்தோஷம்.

எல்லாம் ஒன்றில்லை. மெல்லிய உறைக்குள் வெறும் ஈயம் வைத்த குண்டு மெதுவாகப் போகிற துவக்குக்குச் சரி. மாக்னம் அதை மிகுந்த வேகத்தில் தள்ளும். கிட்ட நிற்கிற பெரிய மிருகத்தின் தோள் எலும்பில் பட்டால் உள்ளே போகாமல் அங்கேயே உடைந்து சிதறிவிடும். இதைச் சொல்ல அவனுக்கு அரை நிமிடம் போதும். சொல்லவில்லை.

மொன்றியலிலிருந்து பிராங்பேர்ட் ஏழு மணித்தியாலம், அங்கிருந்து விண்ட்ஹூக் பத்து. தோட்டா ஆளுக்கு ஐந்து கிலோதான் விடுவார்கள், துவக்கிலிருந்து தனியாகப் பூட்டி வைக்கவேண்டும். புறப்படும்போதே சுங்கத்தில் துவக்கின் இலக்கத்தைப் பதிந்துவிடுங்கள், திரும்பி வரும்போது அது உங்களுடையதுதான் என்று காட்டத் தேவைப்படும். விண்ட்ஹூக்கில் இறங்கியதும் அனுமதி தந்தார்கள். நாற்பது நிமிடம், மரியாதையான ஆட்கள். பண்ணை வடக்கே 210 கிலோமீற்றர், கடைசி அறுபது சரளைப் பாதை. ஜூனில் பகலில் சேர்ட் போதும், விடியற்காலையில் மொன்றியல் ஜாக்கெட் வேண்டும்.

வழிகாட்டியின் பெயர் யோகானஸ். என் வயதுதான் இருக்கும், ஆள் அதிகம் கதைக்கமாட்டார். முதல் வேலையாக நூறு மீற்றரில் அட்டையை நட்டுச் சுடச்சொன்னார். தாரணியின் மூன்று குண்டும் ஒரு பிஸ்கட்டுக்குள் அடங்கின. என்னுடையவை அட்டை முழுக்கச் சுகம் விசாரித்துவிட்டு வந்தன.

"அப்பா, நீங்கள் சுட முதல் கண்ணை மூடுறீங்கள்."

"நான் மூடேல்லை. அது தானா மூடுது."

"வுவயோன், அப்பா!" என்று பிரெஞ்சில் அலுத்துக்கொண்டாள். "துவக்குக்குப் பயந்தா அது தெரிஞ்சிடும். வேணுமெண்டா என்ரையைப் பிடியுங்கோ."

"உன்ரை பொம்பிளைப் பிள்ளையளின்ரை துவக்கே எனக்கு?" பகிடிக்குத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

யோகானஸ் என் தோட்டா ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார். "யார் இதைக் கொண்டுபோகச் சொன்னது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். கடைக்காரன் என்றேன். "அவர் இங்கே வந்திருக்கிறாரா?" பிறகு மண்ணில் குச்சியால் ஒரு மிருகத்தைக் கீறிக் காட்டினார். மூஸுக்குத் தோளின் பின்னால் சுடு என்றுதான் கியூபெக்கில் படித்திருந்தேன். இங்கத்தைய மிருகங்களுக்கு இதயம் இன்னும் முன்னுக்கு, தாழ்வாக இருக்கிறது. முன்னங்காலைப் பிடித்துக்கொண்டே மேலே போய், உடம்பின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் சுடவேண்டும். அந்த இடத்தில் எலும்பு இருக்கிறது. அதனால்தான் உடையாத குண்டு வேண்டும்.

மூன்றாம் நாள் பின்னேரம் மூன்றரை மணிக்கு ஒறிக்ஸ் ஒன்று தனியாக நின்றது. நேரான நீளக் கொம்பு, மாட்டளவு உடம்பு, முகத்தில் கறுப்பு வெள்ளைக் கோடு. நூற்றிருபது மீற்றர். மூன்று கால் தாங்கியில் துவக்கை வைத்து, சொன்ன இடத்தில்தான் பிடித்தேன். சுட்டேன். ஸ்கோப் பழைய பிறையிலேயே வந்து இடித்தது. மிருகம் ஒரு முறை குனிந்துவிட்டு ஓடியது.

"தோளில் பட்டது. ஆனால் குண்டு இறங்கிய சத்தம் சரியில்லை" என்றார் யோகானஸ்.

அதற்குப்பிறகு நடந்த இரண்டு மணித்தியாலத்தை நான் ஒருவருக்கும் விரும்பமாட்டேன். முள்ளுப் பற்றைக்குள்ளால் தடம் பார்த்து நடந்தோம். கல்லில் ஒரு துளி, பிறகு நூறு மீற்றருக்கு ஒன்றுமில்லை, பிறகு புல்லில் இன்னொரு துளி. ஒரு காலை இழுத்துக்கொண்டு போகிற தடம் மணலில் எனக்கே தெரிந்தது. வெயில் சாய்கிறது. இருட்டினால் அந்த மிருகம் இரவு முழுக்க அப்படியே நிற்கும், கழுதைப்புலி வரும்வரை. யோகானஸ் நடையை விரைவாக்கினார். நான் கடைக்காரனை யாழ்ப்பாணத் தமிழில் ஏசிக்கொண்டே போனேன்.

"அப்பா, சத்தம் போடாதேங்கோ. அதுக்குக் கேக்கும்" என்றாள் தாரணி.

சூரியன் மரத்தளவுக்கு இறங்கிவிட்டபோது கண்டோம். ஒரு முள்மரத்தின் கீழ் எங்களைப் பார்த்தபடி நின்றது. தொண்ணூறு மீற்றர். நான் துவக்கைத் தூக்கினேன். நெற்றிக் காயத்திலிருந்து இரத்தம் வலது கண்ணுக்குள் இறங்கியது. துடைத்தேன், திரும்ப வந்தது. யோகானஸ் என் துவக்கின் குழலை மெல்லக் கீழே அமத்திவிட்டு, மகளைப் பார்த்து, "நீ" என்றார்.

அவள் .308ஐத் தாங்கியில் வைத்தாள், மூச்சை விட்டாள், சுட்டாள். அது நின்ற இடத்திலேயே விழுந்தது.

பண்ணையில் உரிக்கும்போது யோகானஸ் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். என்னுடைய குண்டு தோள் எலும்பில் பட்டுத் தூளாகிக் கிடந்தது. ஒரு பக்கத்துத் தோள் இறைச்சி முழுக்க ஈயம், நாய்க்கும் போடமுடியாது. மகளுடையது மறுபக்கத் தோலுக்குக் கீழே முழுசாக இருந்தது. முனை மட்டும் பூப்போல விரிந்திருந்தது. மிஞ்சிய இறைச்சியில் கொண்டுபோன கறித்தூளைப் போட்டு அன்றிரவு நான் சமைத்தேன். எல்லோரும் இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டார்கள். அந்த ஒரு விஷயத்தில் என் தெரிவு பிழைக்கவில்லை.

ஆகவே, போகிறவர்களுக்கு: உங்கள் தோளுக்குப் பழகிய துவக்கைக் கொண்டுபோங்கள். ஸ்பிரிங்பொக் என்ற சின்ன மானிலிருந்து ஒறிக்ஸ், குடு வரைக்கும் .308 போதும், .30-06 தாராளம். எலண்ட் மாதிரி மிகப் பெரியதைத் தேடிப் போகிறவர்தான் அதற்கு மேலே யோசிக்கவேண்டும். கலிபரில் மிச்சம் பிடிக்கலாம், குண்டில் பிடிக்காதீர்கள். 165 முதல் 180 கிரெய்ன் எடை வரை, முழுச் செம்பு, அல்லது உறையோடு ஈயம் பிரியாமல் ஒட்டியது என்று கேட்டு வாங்குங்கள். போகமுதல் இரண்டு மாதம் மூன்று கால் தாங்கியில் நின்று சுட்டுப் பழகுங்கள். மேசையில் சாய்ந்து சுட்டது அங்கே உதவாது. ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இல்லையென்றால் கோயிலில் குங்குமம் கிடைக்காது.

திரும்பி வந்த சனிக்கிழமை அந்தக் கடைக்குப் போனேன். உடைந்த குண்டுத் துண்டுகளை ஒரு போத்தல் மூடியில் போட்டு அவன் மேசையில் வைத்தேன். பக்கத்தில் இன்னொருத்தர் ஆபிரிக்காவுக்கென்று அதே மாக்னத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதையும் செலவழித்தேன். மிருகம் இரண்டு மணித்தியாலம் நடந்தது, என் மகளின் சின்னத் துவக்குத்தான் அதை முடித்தது என்றேன். அந்த ஆள் மாக்னத்தைக் கீழே வைத்தார். கடைக்காரன் என்னை வெளியே போகச் சொன்னான். போனேன், ஆனால் சொல்ல நினைத்த எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான்.

சொல்லாமல் விட்டது ஒன்றுதான், அது அவனுக்கில்லை. அந்த முள்மரத்துக்கு முன்னால் மகள் துவக்கை எடுத்துத் தோளில் வைத்தபோது, அம்மா இருந்தால் எனக்குச் சொல்லியிருக்கக்கூடியது என் வாய்வரைக்கும் வந்தது. அந்த மிருகம் மூன்று காலில் நின்றுகொண்டிருந்தது, அதனால் விழுங்கிவிட்டேன்.

துவக்கைக் கீழை வை, பிள்ளை.