ஏழாவது ஆள்

ஏழு பேர் இருந்தாலே கால்பந்து ஆட்டத்தைத் தொடங்கிவிடலாம் என்று விதி எழுதிய மகராசன் என் கையில் சிக்கினால் நாலு கேள்வி கேட்பேன். ஸ்ரீவில்லிபுத்தூர் மைதானத்தில் எங்களைக் கவிழ்த்தது அந்த விதிதான்.

நாங்கள் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் அணி. நான் கோல் கீப்பர். மில் பதிவில் தினக்கூலித் தொழிலாளி என்றிருக்கும். உண்மையில் பந்தடிக்கத்தான் எங்களை வைத்திருந்தார்கள். முதலாளிக்கு அணி என்றால் உயிர். ஆட்டக்காரன் மேல் அவ்வளவு பிரியம் கிடையாது.

அரையிறுதியில் எங்கள் தடுப்பாட்டக்காரனுக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்தது. செட்டியார்பட்டிக்காரன். எட்டு வருடமாக என் கோலுக்கு முன்னால் நின்றவன். இரண்டு பெண் பிள்ளைகள். கட்டுப் போட்ட மறுநாளே, இனி வேலைக்கு வர வேண்டாம் என்று மேனேஜர் போனில் சொல்லிவிட்டார். என்னால் நம்பவே முடியவில்லை.

அவனைத் திரும்ப எடுக்காவிட்டால் இறுதி ஆட்டத்தில் யாரும் இறங்க மாட்டோம் என்று எங்கள் கேப்டன் மேனேஜரிடம் சொல்லிவிட்டு வந்தார். வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கினோம். அவன் மட்டும் கும்பிடும் கைகளைப் போட்டிருந்தான்.

இறுதி ஆட்டத்தன்று ஜெர்சி போடாமல் கோட்டுக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்தோம். மேனேஜர் பேக்கிங்கிலும் ஸ்டோரிலும் தேடி ஆறு பேரைத் தேற்றியிருந்தார். பாதிப் பேருக்கு பூட்ஸ்கூட இல்லை. ரெஃபரி கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் செத்த நேரந்தாம்லே," என்றார் கேப்டன். "ஆள் சேரலைன்னா ஆட்டம் ரத்து. பொறவு முதலாளி எறங்கி வந்துதான் ஆகணும்."

அப்போது மில் கார் வந்தது. முன் சீட்டிலிருந்து அவன் இறங்கினான். முழங்காலில் பட்டை, உடம்பில் எங்கள் ஜெர்சி. நன்றி சொல்ல வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். எங்களைத் திரும்பியும் பார்க்காமல் நொண்டிக்கொண்டே போய் அந்த ஆறு பேரோடு நின்றான். ரெஃபரி விசில் ஊதினார்.

கோலுக்குப் பின்னால் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில், கோலுக்கு முன்னால் நின்ற அவன் எவனோ இடித்ததில் விழுந்தான். கம்பத்தைப் பிடித்து எழுந்தபோது முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"ஏலே, நீ வெளிய வா. ஒனக்குப் பதிலா நான் எறங்குறேன்," என்றேன். மறியலாவது மண்ணாங்கட்டியாவது என்று தோன்றிவிட்டது.

"வராத மாப்ள. கடைசி விசில் வரைக்கும் உள்ள நின்னாத்தான் வேலைன்னு அவிய சொல்லிட்டாவ."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னா விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டேன். வலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை கோல் விழுந்தது என்று எண்ணவில்லை. கம்பத்தில் ஒரு கையை வைத்தபடி கடைசி விசில் வரை நின்றான்.

மறுநாள் காலை மில் வாசலில் வாட்ச்மேன் ஒரு தாளைப் பார்த்துப் பார்த்து எங்கள் எல்லோரையும் வெளியிலேயே நிறுத்தினார். பின்னாலேயே அவன் வந்தான். தலையைக் குனிந்துகொண்டு அட்டையைக் காட்டினான். உள்ளே விட்டார்கள்.

நாங்கள் கேட்டது அது ஒன்றைத்தான்.