சித்தியின் இடது காதுக்காக ஒரு ஸ்தோத்திரம்

எங்கள் வீட்டில் ஜெபம் முடிந்த பிறகுதான் ராத்திரிச் சாப்பாடு. ஜெபம் என்றால் சும்மா கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டு எழுந்து போய்விட முடியாது. ஒரு கீர்த்தனை, பைபிளில் ஒரு அதிகாரம், அதற்கப்புறம் ஆளுக்கொரு ஸ்தோத்திரம். அன்றைக்கு நடந்த ஏதாவது ஒன்றுக்காகக் கடவுளுக்கு வாய்விட்டு நன்றி சொல்ல வேண்டும். அம்மா இதில் ஒரு சட்டம் வைத்திருந்தாள். ஒரு தடவை சொன்னதைத் திரும்பச் சொல்லக் கூடாது. சுகம் தந்தீர், ஆகாரம் தந்தீர் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லித் தப்பிக்கவும் கூடாது. ஆண்டவருக்குப் பழையதைப் போடாதே என்பாள்.

அறுபதுகளின் கடைசி அது. மேற்குத் தாம்பரத்தில், ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில் ஒரு வாடகை வீடு. அப்பா எலெக்ட்ரிக் ரயிலில் பட்டணத்து ஆபீசுக்குப் போய் வருவார். களைத்துப்போய் வருகிற மனிதர் என்பதால் அவருடைய ஸ்தோத்திரம் பெரும்பாலும் ரயிலுக்குள்ளேயே முடிந்துவிடும். ஜன்னலோரம் இடம் கிடைத்தது, பக்கத்தில் இருந்தவர் பேப்பர் கொடுத்தார், இந்த மாதிரி. அண்ணன் கடைசி நிமிஷத்தில் திருதிருவென்று விழித்துவிட்டு மழை வரவில்லை, ஸ்தோத்திரம் என்பான். மறுநாள் மழை வந்தது, ஸ்தோத்திரம் என்பான். நான் அப்படியில்லை. காலையிலிருந்தே தேடிக்கொண்டிருப்பேன். கணக்கு டீச்சர் கேள்வி கேட்க என் பக்கம் திரும்பிய சமயத்தில், விமானப்படை விமானம் ஒன்று பள்ளிக்கூடத்துக்கு மேலேயே வட்டமடித்து அவர் குரலை அமுக்கிவிட்டது. அதற்கு ஒரு ஸ்தோத்திரம். தெருநாய் அண்ணனைத் துரத்தி என்னை விட்டுவிட்டதற்கு இன்னொன்று. அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆமென் சொல்வாள். இந்த விஷயத்தில் என்னை மிஞ்ச தாம்பரத்திலேயே ஆள் கிடையாது என்பது என் திடமான எண்ணம். அந்தப் பழக்கம் இன்னும் என்னை விடவில்லை. இப்போதும் படுக்கப் போகும் முன் புதிதாக ஒன்றைத் தேடுகிறேன், பெரும்பாலும் கிடைத்தும்விடுகிறது.

அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடுதான் இருந்தாள். பல்லாவரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். சின்ன வயசில் டைபாய்டு வந்து சித்திக்கு இடது காது கேட்காமல் போய்விட்டது. எங்கள் வீட்டில் அதை யாரும் ஒரு குறையாக நினைத்ததில்லை. கூப்பிட வேண்டுமென்றால் வலது பக்கமாகப் போய்க் கூப்பிடுவோம், அவ்வளவுதான். எனக்கோ அதனால் லாபமே இருந்தது. நான் தூக்கத்தில் வாய்ப்பாடு சொல்கிற ஜாதி. என் தொல்லை தாங்காமல் அம்மாவும் அண்ணனும் என்னைப் பக்கத்தில் படுக்கவிடாமல் விரட்டிவிட்டார்கள். சித்தி மட்டும் நல்ல காதைத் தலையணையில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவாள். நான் பாட்டுக்கு விடியவிடியக் கத்திக்கொண்டிருக்கலாம்.

சித்திக்கு வந்த வரன்கள் எல்லாம் அந்தக் காதைப் பற்றித் தெரிந்ததும் நின்றுபோயின. அதனால் செங்கல்பட்டிலிருந்து ஒரு வரன் வந்தபோது, இந்தத் தடவை வாயைத் திறப்பதில்லை என்று அம்மா முடிவுகட்டிவிட்டாள். கல்யாணம் ஆனபிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாமாம். அப்பா தொண்டையைக் கனைத்துப் பார்த்தார், எடுபடவில்லை. சித்தி வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் போட்டோவை மட்டும் தன் டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்திருந்தாள். அதை நான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து மத்தியானம் வருவதாக ஏற்பாடு. அம்மா நாற்காலிகளைப் போட்டுப் போட்டுப் பார்த்தாள். கடைசியில் சித்தியின் இடது காது சுவரைப் பார்க்கும்படி ஒரு மூலையில் நாற்காலி நிலைத்தது. பிறகு என் காதைப் பிடித்தாள்.

“வர்றவங்ககிட்ட நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினே, தோலை உரிச்சிடுவேன்.”

சரி என்று தலையாட்டினேன். நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள்.

மாப்பிள்ளையும் அவருடைய அப்பா அம்மாவும் வந்தார்கள். மாப்பிள்ளையும் வாத்தியார்தான். பையன்கள் பரீட்சையில் எழுதுகிற அபத்தங்களை அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, சித்தியும் தன் பங்குக்குச் சொன்னாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெண் பார்க்கிற இடத்தில் பெண் அப்படிச் சிரிக்கலாமா என்று அம்மா கண்ணாலேயே அதட்டினாள். சித்தி கவனிக்கவில்லை. அவ்வளவு அழகாக அவளை நான் பார்த்ததே இல்லை. கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் ஆயிற்று. பெரியவர் என்னிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றி என்னென்னவோ கேட்டுப் பார்த்தார். நான் உதட்டை இறுக்கிக்கொண்டு சிரித்தேன். “பாப்பா ரொம்ப அமைதி” என்றார். அண்ணனுக்குப் புரையேறியது.

கிளம்பும்போது எல்லோரும் எழுந்து நின்றோம். ஜெபம் பண்ணாமல் எந்தக் கிறிஸ்தவ வீட்டிலிருந்தும் விருந்தாளி கிளம்புவதில்லை. பெரியவர் என் தலையில் கை வைத்தார்.

“பாப்பாவே ஜெபம் பண்ணட்டுமே. சின்னப் பிள்ளைங்க ஜெபம் நேரா மேல போகும்.”

அம்மா ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் எல்லோரும் கண்ணை மூடிவிட்டார்கள். வந்தவர்களிடம் பேசக் கூடாது என்பதுதானே உத்தரவு? நான் பேசப்போவது ஆண்டவரிடம். அவருக்குத் தெரியாத ரகசியமா? வந்திருப்பவர்களுக்கு முன்னால் பழையதைப் போடக் கூடாது என்று, அதுவரை சொல்லாத ஒன்றை யோசித்து எடுத்தேன்.

“அன்புள்ள ஆண்டவரே, எங்க சித்திக்கு இடது காதைக் கேக்காம வச்சதுக்காக ஸ்தோத்திரம். நான் ராத்திரியில வாய்ப்பாடு கத்துறேன்னு எல்லாரும் என்னை விரட்டிட்டாங்க. சித்தி மட்டும்தான் என்னைப் பக்கத்துல படுக்கவச்சிக்கிறாங்க. அதுக்காக ஸ்தோத்திரம். ஆமென்.”

பெரியவர் மட்டும் பழக்கதோஷத்தில் ஆமென் என்றார். கண்ணைத் திறந்தபோது மாப்பிள்ளையின் அம்மா சுவரையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

சித்திதான் பேசினாள். “நிஜந்தாங்க. டைபாய்டுல போச்சு. உங்ககிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும்” என்றாள். மூன்று பேரும் கிளம்பினார்கள். மாப்பிள்ளை தெருமுனை போகிறவரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

அவர்கள் தலை மறைந்ததும் அம்மா கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சித்தி என்னைப் பின்னால் இழுத்துக்கொண்டு, “அவ பொய் சொல்லலையேக்கா” என்று சொன்னாள். அதற்கு மேல் அம்மாவால் கை ஓங்க முடியவில்லை, அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதாள்.

அதற்கப்புறம் சித்தி தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போதே, “யாராச்சும் வந்தாங்களா?” என்று கேட்பாள். யாரும் வரவில்லை என்று நான் சந்தோஷமாகச் சொல்வேன். கடைசியில் அந்த வரனைக் கொண்டுவந்த சபை மாமா ஒரு சாயங்காலம் வந்தார். உட்காரக்கூட இல்லை. “பையனுக்கு முழுச் சம்மதம். அந்தம்மாதான், பொறக்கிற பிள்ளைக்கும் வந்துடுமோன்னு ஒரேயடியா நிக்கிறாங்க. காய்ச்சல்ல போனதுன்னு நான் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன்” என்றார். சித்தி அவருக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு உள்ளே போனவள் ஜெபத்துக்குத்தான் வெளியே வந்தாள்.

அன்று கீர்த்தனை சுரத்தில்லாமல் இழுத்தது. அப்பா ரயில் நேரத்துக்கு வந்ததாகச் சொல்லி முடித்துக்கொண்டார். அண்ணன்கூட மழையைத் தொடவில்லை. அம்மாவின் முறை வந்தது. தன் சட்டத்தையே மீறி, “எனக்கு இன்னிக்கு ஒண்ணும் வரல, ஆண்டவரே” என்று நிறுத்திவிட்டாள். சித்தி, தனக்கு முன்னால் பாப்பா சொல்லட்டும் என்றாள்.

எனக்கா வராது? சாயங்காலத்திலிருந்தே நாக்கு நுனியில் காத்திருந்தது. குரலை உயர்த்திச் சொன்னேன்.

“அந்தம்மாவுக்கு எங்க சித்தியைப் பிடிக்காம பண்ணினதுக்காக ஸ்தோத்திரம், ஆண்டவரே. சித்தி இனிமே செங்கல்பட்டுக்குப் போகவே மாட்டாங்க. எங்ககூடவேதான் இருப்பாங்க.”

யாரும் ஆமென் சொல்லவில்லை. அம்மாவின் விசும்பல் மட்டும் கேட்டது. இவ்வளவு நல்ல ஸ்தோத்திரத்துக்கு ஏன் இந்த மௌனம் என்று எனக்குக் கோபமே வந்தது. ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். சித்தி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகமெல்லாம் நனைந்திருந்தது. என்னை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டாள்.

“ஆமென்” என்றாள், சத்தமாக, அவள் ஒருத்தி மட்டும். தன் முறைக்கு வேறெதுவும் சொல்லவில்லை.

சித்திக்கும் என்னைப் போலவே சந்தோஷம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பசி வயிற்றைக் கிள்ளியது. அந்த மடியிலிருந்து குதித்து இறங்கி முதல் ஆளாகத் தட்டு எடுக்க ஓடினேன்.